விரூபாட்ச குகையில் கோலிக்குழி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோயில், கிரிவலம், ரமணாசிரமம் என்று முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். முட்டி வலி இல்லாதவர்கள் ஆசிரமத்தின் பின்பக்கமாக மலையேறிப் பாருங்கள். கல் பாவிய பாதை. நிதானமாக நடந்தால் ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் விரூபாட்ச குகை. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் விடாது.

1896-ல் 16 வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், 1916 வரை பல ஆண்டுகள் வாழ்ந்த குகை இது. வருகிறவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இங்கே வந்தால் கோலிக்குண்டுதான் ஞாபகம் வரும். ஊர்ப்பிள்ளைகள் மலையேறி வருவார்களாம், அவரும் சேர்ந்து கோலி ஆடுவாராம். குகையிலேயே கோலிக்குழி இருந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு அவர் பங்குப் பட்டாசும் தனியாக எடுத்து வைக்கப்படுமாம்!

அம்பயர் இல்லாத ஆட்டம் கோலி. குண்டு பட்டதா, படவில்லையா என்பதை ஆடுகிறவர்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சென்னையில் இப்போது வேகமாகப் பரவிவரும் பிக்கிள்பாலிலும் இதே கதைதான். 1965-ல் அமெரிக்காவின் சியாட்டில் அருகே ஒரு தீவில், விடுமுறையில் சலித்துப்போன பிள்ளைகளுக்காகப் பிறந்த விளையாட்டு. பொழுதுபோக்காக ஆடும்போது நடுவர் கிடையாது. நம் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நாம்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாக!

சண்டை வருவது பந்தால் அல்ல, காலால். வலைக்கு இருபுறமும் 7 அடி இடத்துக்குக் 'கிச்சன்' என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. கோட்டை மிதித்தாலும் தப்பு. ஆனால் அடிக்கிறவர் கண் பந்தின் மேல் இருக்கும். தன் கால் எங்கே என்று அவருக்கே தெரியாது. அதனால் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் 'தப்பு' என்று சொல்லலாம். இவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும். 'எதிராளி எப்படிச் சொல்லலாம்?' என்று முறைப்பவர்கள் உண்டு.

பாண்டி ஆடிய பெண்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. சில்லைப் பாதத்தில் வைத்து, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கால் வைத்து 'ரைட்டா?' என்று கேட்போமே, யாரிடம்? நாம் தோற்றால் அடுத்து ஆடப்போகிறவளிடம்! அவளும் 'ரைட்டு' என்பாள். பொய்யாகத் 'தப்பு' என்றால் அவளுக்கு அழுகுணி என்று பெயர் விழும். மறுநாள் சேர்த்துக்கொள்ள மாட்டோம். அந்தப் பயம் போதாதா?

குகையிலிருந்து ஊர்ப்பக்கமாக இறங்கும் பாதை பெரிய கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் கொண்டுவிடும். இறங்கும்போது நின்று பார்த்தால் கோபுரங்கள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். பிள்ளைகளோடு போகிறீர்களா? பையில் ஒரு சாக்பீஸ் போட்டுக்கொள்ளுங்கள். சில்லுக்கு அந்த மலையில் பஞ்சமே இல்லை.