எரிமலைக்கு எந்த நிறம்?

திங்கள்

முப்பரிமாண வரைபடத்தில் நிறம் தீட்டுவது பற்றி இந்த வாரம் வகுப்பு எடுக்க வேண்டும். ஆர் நிரல்மொழியோடு கூடவே வரும் ‘வால்கனோ’ தரவையே எடுத்துக்கொண்டேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குள் இருக்கும் மவுங்கா ஃபாவ் என்ற பழைய எரிமலையின் உயரங்கள் அவை. 87 வரிசை, 61 நெடுவரிசை. புள்ளிக்குப் புள்ளி 10 மீட்டர். ஆர் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராஸ் இஹாகா, நிலவரைபடத்திலிருந்து எடுத்து எண்களாக்கியவை. இவற்றைத் துல்லியமென்று கொள்ள வேண்டாம் என்று தரவின் உதவிப் பக்கமே சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

செவ்வாய்

முப்பரிமாணப் பரப்பை வரையும் ‘பெர்ஸ்ப்’ கட்டளைக்கு ஒரே நிறம் கொடுத்தால் தொல்லையே இல்லை. உயரத்துக்கு ஒரு நிறம் என்று கேட்டால்தான் வினை. பெர்ஸ்ப் புள்ளிக்கு நிறம் பூசுவதில்லை, நான்கு புள்ளிகளுக்கு இடைப்பட்ட கட்டத்துக்குப் பூசுகிறது. புள்ளிகள் 5,307, கட்டங்கள் 86 பெருக்கல் 60, அதாவது 5,160. புள்ளிகளின் நிறப்பட்டியலை அப்படியே கொடுத்தாலும் ஆர் வாய் திறக்காது. நிறங்களை நெடுவரிசை வாரியாக நிரப்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒரு கட்டம் நழுவும். முப்பதாவது நெடுவரிசைக்கு வரும்போது நழுவல் 29 கட்டம், தரையில் 290 மீட்டர்! மலை ஓரிடத்தில் நிற்க, அதன் நிறம் வேறெங்கோ சாய்ந்து கிடக்கும். படம் அழகாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

வழி எளிது. ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலை உயரங்களையும் கூட்டி நாலால் வகுத்து, அந்தச் சராசரியை ‘கட்’ கட்டளை கொண்டு இடைவெளிகளாகப் பிரித்து, இடைவெளிக்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும்.

வியாழன்

‘டெரெய்ன் கலர்ஸ்’ என்ற நிறத்தொகுப்பைப் போட்டுப் பார்த்தேன். அடிவாரம் பச்சை, நடுவில் மஞ்சள், உச்சி வெள்ளை. பார்ப்பவர் பனி என்றுதான் நினைப்பார். தரவில் உள்ள உச்ச உயரமே 195 மீட்டர். உண்மையில் அங்கே புல்தான் வளர்ந்திருக்கிறது. வானவில் நிறங்கள் இன்னும் மோசம்: உயரம் சீராக ஏறும் இடத்தில்கூட மஞ்சள் பளிச்சென்று ஒரு விளிம்பு போலத் தெரியும். விரிடிஸ் என்ற நிறத்தொகுப்பு அப்படி ஏமாற்றாது. கரு ஊதாவிலிருந்து மஞ்சள் வரை வெளிச்சம் ஒரே சீராகக் கூடுகிறது.

வெள்ளி

ஆனால் உயரத்தைத்தான் வடிவமே காட்டிவிடுகிறதே, நிறமும் அதையே ஏன் சொல்ல வேண்டும்? சரிவின் அளவைக் கணக்கிட்டு அதற்கு நிறம் கொடுத்தேன். எரிமலை வாயின் உட்சுவர் உடனே தனியாகத் தெரிந்தது. உயர நிறத்தில் அது வெளிப்புறச் சரிவோடு கலந்து போயிருந்தது.

ஒரு சிக்கல் பாக்கி. பெர்ஸ்ப்பில் நிழலைத் தீர்மானிக்கும் ‘ஷேட்’ மதிப்பைக் கூட்டினால் ஒளிபடாத பக்கம் கருத்து, ஒரே சரிவுக்கு இரண்டு நிறம் வந்துவிடுகிறது. பக்கத்தில் வைத்த வண்ணப் பட்டியோடு பொருந்துவதில்லை. பெர்ஸ்ப்பின் உதவிப் பக்க எடுத்துக்காட்டில் அது 0.75 என்று இருக்கிறது. அது ஒரே பச்சை மலைக்குச் சரி. நிறத்தைப் படித்து அளவு சொல்ல வேண்டிய படத்தில் நிழலே வேண்டாமென்று எடுத்துவிட்டு, கட்டக் கோடுகளை மெல்லிய சாம்பலில் விட்டிருக்கிறேன்.