ஹார்லிக்ஸ் பாட்டிலில் மார்கழி

"அண்ணாச்சி, மாவும் முடிஞ்சு கொய்யாவும் ஓஞ்ச பெறகு இந்தப் பழ ஈயெல்லாம் எங்க போயி கெடக்கும்?"

உதிர்ந்த காய் பொறுக்க வரும் அக்கா கேட்டார். அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணி வாய்க்காலை நம்பிக் கொய்யா போட்டுப் பதினெட்டு வருஷம். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலமே களைக்கொத்தோடு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சொத்தைக் காயைப் பிளந்தேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள். முற்றிய ஒன்றை உள்ளங்கையில் விட்டால், வாயால் வாலைக் கவ்வி வில்லாக வளைந்து, சட்டென்று துள்ளி விழுகிறது. மண்ணைத் தேடித்தான் அந்தத் துள்ளல். இரண்டு விரற்கடை கொத்தியதும் கோதுமை மணி போலக் கூட்டுப்புழுக்கள் வந்தன.

ஒரு பிடி எடுத்து, ஈரமணலோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டினேன். சித்திரையில் ஒன்பதாம் நாள் ஈ வந்தது. மார்கழியில் அதே பாட்டில், அதே திண்ணை. பதின்மூன்று நாள் ஆயிற்று. நம்ம ஊர்ப் பனியால் அவ்வளவுதான் முடியும்.

குளிர் கடுமையான இடங்களில் இதே ஈ மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்குமாம். ஐரோப்பாவின் செர்ரி ஈ இன்னும் கெட்டி: கூட்டுக்குள் உறங்கி, குளிர் போதுமான அளவு பட்ட பிறகே எழும், சில இரண்டு வருஷத்துக்கும் மேல் உறங்கும். கைமோமைசா என்றொரு சிற்றீயின் புழு, உடம்பில் புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துக்கொண்டு உறைந்தே கிடக்கும். செக் நாட்டு ஆய்வாளர்கள் அதைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தும் உயிரோடு பார்த்திருக்கிறார்கள்.

நம்ம ஈக்கு அந்த உறக்கம் வாய்க்கவில்லை. வேறு பழம் பார்த்துப் போகிறது. மா, கொய்யா, சப்போட்டா, பப்பாளி. எதுவும் இல்லையென்றால் தெருவோரத்து வாதாங்கொட்டை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, ஈ வம்சமாவது ஒழிந்தது என்று ஆறுதல் பட்டேன். தை பிறந்து இரண்டு வாரத்தில் பொறியில் ஈ கிடந்தது. மேட்டுத்தெருவில் ஒரு வாதாமரம் உண்டு. அங்கே தண்ணீர் ஏறவில்லை.

பொறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912இல் எழுதினார். 1915இல் மெத்தில் யூஜினாலின் கவர்ச்சியையும் சொன்னார். நம்ம பொறியில் இருப்பதும் அதே சரக்கு. அதற்கு மயங்குவது ஆண் ஈதான். பெண் ஈ அதைச் சட்டை செய்யாமல் காயில் முட்டை செருகிக்கொண்டே இருக்கும். பொறி நிறைந்த சந்தோஷத்தில் நான் இரண்டு வருஷம் காய் பொறுக்குவதை விட்டேன். பாதி மகசூல் புழுவுக்குப் போனது.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பொறுக்குகிறோம். கருப்பு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுகிறோம். முன்பு அரையடிக் குழியில் புதைத்து மூடுவேன். ஈக்கு மெத்தை விரித்ததுதான் மிச்சம்.

போன வாரம் அக்கா வரும் வழியில், மேட்டுத்தெரு வாதாங்கொட்டைகளையும் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். திண்ணையில் வைத்துப் பிளந்தோம். நாலில் மூன்றில் புழு துள்ளியது.