அரை வைத்தியன்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வருகிறது. 'பேரை அன்று, வேரை என்பதே சரியான பாடம். ஆயிரம் வேர்களைப் பிடுங்கிச் சோதித்தவனே பாதி வைத்தியன் ஆகிறான்' என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் விளக்கம் சொல்வார். பாடம் எதுவாயினும் ஆகுக. நான் வேரைப் பார்க்கத் தவறினேன், பேரையும் கொன்றேன். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். என்னிடம் சிக்கிய நோயாளி மனிதன் அல்லன். என் தாயார் பிழைப்புக்காக வைத்திருந்த ஒரு பழைய கணிப்பொறி.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அம்மா ஒரு சிறிய டி.டி.பி. கடை நடத்தி வருகிறார். திருமண அழைப்பிதழ், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் குடமுழுக்கு மலர் இவையே தொழில். 2006ஆம் ஆண்டு கடன் வாங்கிப் பொருத்திய கணிப்பொறி அது. பென்டியம் 4, 512 எம்.பி. நினைவகம், 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. இணைய விண்ணப்பங்களுக்காகப் பின்னாளில் ஒரு புதிய கணிப்பொறி வந்த பிறகும், அம்மா பழையதை விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இன்று யாவரும் கையாளும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்த எழுத்துருக்களே அச்சுத் தொழிலில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குப்பைபோல் குவிந்து கிடக்கும். அம்மாவின் பதினெட்டு ஆண்டு உழைப்பு அந்த எழுத்துருவில்தான் இருந்தது.

அந்த உழைப்பில் விலைமதிப்பற்றது ஒன்று. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை 'ஐயா' என்றுதான் அழைக்கும். ஓய்வுக்குப் பின் மிதிவண்டியில் காவிரிக்கரைச் சிற்றூர்களுக்கெல்லாம் சென்று, வயது முதிர்ந்த பாட்டிமார்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி வந்தவர். மொத்தம் 87 பாடல்கள். அவற்றை அம்மா ஓய்வு கிடைத்த வேளைகளிலெல்லாம் தட்டச்சு செய்து, பாடலுக்கு ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தார். குறிப்பேடுகளைப் பின்னர் கறையான் அரித்துவிட்டது. ஐயாவுக்குக் கண்பார்வை மங்கியதால் பிழைதிருத்தம் நின்றுபோயிற்று. 'திருத்தம் முடிகிற வரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும்' என்று எண்ணி, அம்மா அந்தக் கோப்புகளை வைத்திருந்த உறைக்கு 'டெம்ப்' என்று பெயர் கொடுத்திருந்தார். அந்தப் பெயரே எமனாய் முடியும் என்று யார் கண்டார்கள்?

2024ஆம் ஆண்டு மே மாதம். கணிப்பொறி அறிவியலில் முதலாண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். இரண்டு பருவம் படித்த செருக்கு தலைக்கேறியிருந்த நேரம்.

"கண்ணு, இந்தப் பழைய பொட்டி தினமும் காலையில எஃப் ஒன்னு அமுத்துனாத்தான் எந்திரிக்குது. தேதி வேற 2002ன்னு காட்டுது. ரொம்ப மெதுவாவும் ஓடுது. என்னன்னு பாரேன்" என்றார் அம்மா.

நோயாளி தானே வந்து அறிகுறிகளைச் சொல்லியாயிற்று. நானோ அவற்றைக் காதில் வாங்கவில்லை. 'பழைய கணிப்பொறி என்றால் உள்ளே குப்பை சேர்ந்திருக்கும். பழுது நீக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது' என்று முடிவு கட்டினேன். புதிய கணிப்பொறியில் ஒரு மென்பொருளின் அண்மைப் பதிப்பை இறக்கிப் பென் டிரைவில் எடுத்து வந்து பொருத்தினேன். 'இது முறையான வின்32 நிரல் அன்று' என்று எக்ஸ்பி மறுத்துவிட்டது. புதிய பதிப்புகள் பழைய விண்டோஸுக்காக எழுதப்படுவதில்லை என்பதே அதன் பொருள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய பதிப்பு எங்கேனும் கிடைக்குமா என்று தேடி, யார் நடத்துவது என்றே தெரியாத ஓரிடத்திலிருந்து இன்னொன்றை இறக்கினேன். அது உடனே ஏறிக்கொண்டது. தன்னோடு கேட்காத விருந்தாளிகள் இரண்டையும் அழைத்து வந்தது.

சோதனை முடிந்ததும் திரை முழுவதும் சிவப்பு. ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட பிழைகளாம்! 'அனைத்தையும் சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தினேன். என்னென்ன பிழைகள் என்று ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. பிறகு மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றேன். சான்றிதழ் செல்லாது என்று மறுத்தது. அதைச் சரிசெய்ய மற்றொரு மென்பொருளை ஏற்றினேன். அம்மாவிடம், "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று பெருமை பேசிவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் காலை அம்மா 'டெம்ப்' உறையைத் திறந்தார். அது காலியாக இருந்தது. தற்காலிகக் குப்பை கிடக்கும் இடமென்று பெயரை வைத்தே தீர்மானித்து, அம்மென்பொருள் அனைத்தையும் துடைத்துவிட்டிருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் அமர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதற்றத்தில் அடுத்த தவற்றையும் செய்தேன். அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, அதே ஹார்ட் டிஸ்க்கில் நிறுவினேன். அது 30 கோப்புகளைக் காட்டியது. அவற்றிலும் பாதி திறக்கவில்லை. அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல், கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் பணிபுரியும் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழுதேன்.

"தம்பி, மொதல்ல மின்சாரத்தை நிறுத்து. இனி அதுல எதையும் ஏத்தாதே. டிஸ்கைக் கழட்டி எடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் ஆய்வகத்தில் அவர் எனக்கு நடத்திய பாடத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. "வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் பெயரை அடித்துவிட்டால் அவன் வகுப்பைவிட்டு மறைந்துவிடுகிறானா? பெஞ்சில் உட்கார்ந்தேதான் இருப்பான். அவன் இடத்தில் வேறொருவனை உட்கார வைக்கும்போதுதான் அவன் வெளியேற நேரிடும். கோப்பை அழிப்பதும் அப்படித்தான். பட்டியலில் பெயர் போகும். தரவு அங்கேயே இருக்கும். 'இந்த இடம் காலி' என்று குறித்திருப்பதால், அடுத்து எழுதப்படுவது எதுவோ அது அங்கே உட்காரலாம். நீ மீட்க வந்த மென்பொருளையே அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாய்" என்றார். எனக்கு அப்பொழுதுதான் புரிந்தது. கணிப்பொறிக்குள் ஏற்றும் மருந்தும் ஓர் எழுத்துதான். அது எதன்மீதாவதுதான் எழுதப்பட வேண்டும்!

அந்த உண்மை ஒன்றும் புதிதன்று. பீட்டர் நார்ட்டன் என்னும் அமெரிக்கர் 1982ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படையில் ஒரு கருவித் தொகுப்பை வெளியிட்டுப் புகழ்பெற்றார். அக்காலத்து டாஸ் முறையில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு குறியாக மாற்றப்படும். அவ்வெழுத்தைத் திரும்ப நிரப்பி, கோப்பு இருந்த இடங்களைத் தேடிக் கோத்துத் தருவதே அவருடைய கருவி செய்த வேலை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உலகம் அறிந்ததை அறியாமல் நான் 'கணிப்பொறி அறிவியல்' படித்துக்கொண்டிருந்தேன்!

ஆய்வக அண்ணன் எங்கள் டிஸ்கை ஒரு மாற்றுக் கம்பியின் வழியாக வேறொரு கணிப்பொறியில் இணைத்தார். அதில் எதையும் எழுதாமல், முழு டிஸ்கையும் அப்படியே இன்னொன்றில் படியெடுத்தார். படியின்மீதுதான் போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை ஓட்டினார். அது பட்டியலை நம்பாமல், கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு தேடிப் பிடிக்கும். ஆகையால் கோப்பு கிடைக்கும், பெயர் கிடைக்காது. பல ஆயிரம் கோப்புகள் வெறும் எண்களோடு வந்து குவிந்தன. அம்மா பன்னிரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். எந்தக் காலத்துத் திருமணங்களோ, எந்த வீட்டுக் கருமாதிகளோ எல்லாம் வந்து போயின. நடுவில் ஒரு தாலாட்டு தலைகாட்டினால் அம்மாவின் முகம் மலரும். இறுதியில் 71 பாடல்கள் கிடைத்தன. 16 போயின.

நிற்க. அந்தக் கணிப்பொறியின் உண்மையான நோய் என்ன தெரியுமா? ஆய்வக அண்ணன் கடைக்கே வந்து பார்த்தார். திரையில் 2002 என்றிருப்பதைக் கண்டதும் சிரித்தார். "கடிகாரம் நின்னுபோனா மொதல்ல செல்லைத்தானே மாத்திப் பாப்போம்?" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த வட்டமான சிறு மின்கலத்தை எடுத்துவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தினார். சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதையே அவ்வெண் குறிக்கிறது. மின்சாரம் இல்லாத வேளையில் நாளையும் நேரத்தையும் காப்பது அதுதான். அது தீர்ந்ததால்தான் கணிப்பொறி நாள்தோறும் 2002க்குத் திரும்பியது. புதுப்பிக்கும்போது சரிபார்க்கப்படும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2002இல் வாழும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை, எப்படி ஏற்கும்? தேநீர்ச் செலவில் தீர வேண்டிய நோய்க்கு நான் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறேன்.

பிறகு ஐயாவைப் பார்க்கப் போனேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மனம் சொல்லிற்று. அம்மா, "நீயே போய்ச் சொல்லு" என்றுவிட்டார். ஐயா முழுவதையும் கேட்டார். போன பாடல்கள் எவையெவை என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். "எழுது தம்பி" என்று கண்ணை மூடிக்கொண்டு நினைவிலிருந்து பாட ஆரம்பித்தார். நான்கு மாலைகளில் ஒன்பது பாடல்கள் திரும்பி வந்தன. மற்ற ஏழும் நினைவுக்கு வரவில்லை. பாடிய பாட்டிமார்களைத் தேடி நான் ஊர் ஊராய்ப் போனேன். அவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. அந்த ஏழு பாடல்களும் இனி இல்லை. ஐயா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மிச்சத்தையாவது இரண்டு இடத்தில் வை" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே! என்னைப்போல் அரை வைத்தியர் ஆகும் வாய்ப்பு உங்களுக்கும் விரைவில் வரலாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் முடிந்துவிட்டன. நம் வீடுகளிலும் கடைகளிலும் பழைய கணிப்பொறிகள் பல இருக்கின்றன. 'நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறாயே, பார்' என்று உங்களிடம் யாரேனும் கேட்பார்கள். அப்பொழுது நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

பழுது நீக்கும் மென்பொருள்களில் பார்ப்பவை, எழுதுபவை என்று இரு வகை உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்றவை டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைப் படித்துச் சொல்வன. நாடி பார்ப்பதோடு சரி. துடைப்பவை, திருத்துபவை, ஏன், விண்டோஸிலேயே உள்ள செக் டிஸ்க்கைத் திருத்தச் சொல்லி ஏவினால் அதுவும், எழுதும் வகையைச் சேர்ந்தவை. முதலில் படியெடுங்கள், அடுத்து நாடி பாருங்கள், மருந்தைக் கடைசியில் கொடுங்கள். 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் விண்டோஸின் உட்பதிவேட்டைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் கருவிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. செய்தவரின் சொந்த இடத்திலிருந்து வருவதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. 2017 ஆகஸ்டில் வெளியான சீகிளீனரின் ஒரு பதிப்பில் தீயோர் நஞ்சைக் கலந்துவிட்டனர். முறையான கையொப்பத்தோடு, முறையான இடத்திலிருந்தே அது ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பயனர்களைச் சென்றடைந்தது. செப்டம்பரில்தான் செய்தி வெளிவந்தது. அங்கேயே அப்படியென்றால், முகவரி தெரியாத இடத்திலிருந்து பழைய பதிப்பை இறக்கிய என் துணிச்சலை என்னவென்பது!

இப்பொழுது அந்தப் பழைய கணிப்பொறிக்கு இணைய இணைப்பு இல்லை, துண்டித்துவிட்டோம். பழைய எழுத்துருவுக்காக மட்டும் நாளும் சிறிது நேரம் உழைக்கிறது. தேதி சரியாகக் காட்டுகிறது. 80 பாடல்களும் மூன்று இடங்களில் பத்திரமாக உள்ளன. யூனிகோடுக்கு மாற்றும் வேலையை நான் செய்து வருகிறேன். உறையின் பெயரை அம்மா மாற்றிவிட்டார். 'ஐயா பாட்டு' என்பது அதன் இப்போதைய பெயர்.

அதைத் திறக்கும்போதெல்லாம் எண்பதை எண்ணிப் பார்க்கிறேன். எனக்குக் கேட்பதென்னவோ மற்ற ஏழுதான்.