மெர்சிங் கடலில் தமிழ்ச் சொற்கள்

பள்ளி விடுமுறையில் நான்கு குடும்பத்தினர் மெர்சிங் படகுத்துறையிலிருந்து பெசார் தீவுக்குச் சென்று வந்தோம். அங்கே ஆற்றுமுகம் ஆழம் குறைந்தது. நீர் வற்றினால் படகு நகராது. காத்திருந்த வேளையில் ‘தாழ் ஓதம்’, ‘உயர் ஓதம்’ என்பனவற்றைப் பிள்ளைகள் நேரில் கண்டனர்.

தொலைவில் தெரிந்த கப்பலைக் காட்டி மலாய்ப் படகோட்டி ‘காப்பால்’ என்றார். “நம் சொல்லா, ஆசிரியை?” என்று வியந்தாள் ஒரு மாணவி. ஆம், தமிழ் தந்த சொல். ‘கட்டுமரம்’ ஆங்கிலம்வரை சென்றது.

நம் முன்னோர் கடல் கடந்தே இத்தோட்டங்களுக்கு வந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களுக்குக் கடற்சொற்கள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாமா?

பெற்றோர்களே, நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். ஏனைய மாதங்களில், உயிர்காப்பு அங்கி அணிவித்துப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.