ஒட்டுக்குப் பக்கத்தில் ஓர் எண்

பழைய புல்லட்டிலிருந்து வேண்டாததைக் கழற்றிப் போட அரை நாள் போதும். மட்கார்டு, செயின் கவர், சாரி கார்டு, பக்கவாட்டுப் பெட்டிகள் இரண்டு, பின்சீட்டு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் வேலை பழக வந்திருக்கும் ஐ.டி.ஐ. பையனே கழற்றிவிடுவான். அதோடு நிறுத்திக்கொண்டு, படமெடுத்துப் போட்டு, ‘கஸ்டம் பைக்’ என்று பெயர் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது அதற்குப் பிறகு வரும் வேலையை. பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங் ஆர்மையும் இரண்டு ஷாக் அப்சார்பரையும் எடுத்துவிட்டு, சேஸின் பின்பாதியை அறுத்து, அந்த இடத்தில் அசையாத குழாய்களை ஒட்டி, சக்கரத்தை நேராகச் சேஸிலேயே மாட்டுகிறார்கள். இப்படி முதுகுப்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாமல் செய்யப்படும் வண்டிதான் ஹார்ட்டெயில்.

பட்டறை சென்னை புதுப்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில், கூவத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது. பழைய உதிரிபாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, புதிது வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. இரண்டுக்கும் நடந்தே போய் வரலாம். பட்டறையை நடத்தும் பாய் அப்பா காலத்திலிருந்து புல்லட் வேலை மட்டுமே பார்க்கிறார். சென்னையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருப்பது இயல்புதான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது; திருவொற்றியூரில் ஆலை வந்தது. ரெட்டிச் நகரிலிருந்த தாய் ஆலை 1967-இல் மூடப்பட்டது, 1970-இல் இங்கிலாந்தில் அந்தத் தயாரிப்பே முடிந்துபோனது. அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்குப் பக்கமாக வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் நம் ஊரில் உருவாகிக்கொண்டிருந்தது.

பட்டறையில் நின்ற வண்டியும் அந்த வார்ப்பிரும்பு வம்சம்தான். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, கியர் வலது காலில். லாரி ஒன்று பின்னால் இடித்ததில் சேஸின் வால்பகுதி முறுக்கிக்கொண்டிருந்தது. “நல்லா இருக்கிற வண்டின்னா நான் அறுக்க மாட்டேன் சார். இது எப்படியும் வளைஞ்ச வண்டி” என்றார் பாய். அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். ரெட்டிச் முத்திரை உள்ள பாகங்களோடு முழுசாக மிஞ்சியிருக்கும் புல்லட்டுகளையும் ஆசைக்காக அறுத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. அது பாவம் என்றே நினைக்கிறேன்.

பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் என்பது மோட்டார் சைக்கிள் பிறந்தபோதே கூடப் பிறந்ததல்ல. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளுக்கு அது 1958-இல்தான் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் கத்தரித்து, எடை குறைத்து ஓட்டிய வண்டிகள் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாதவையே. அந்த உருவம் கண்ணில் பதிந்துவிட்டது. ஷாக் அப்சார்பர் வந்தபிறகும் அதையே விரும்பினார்கள். 1984-இல் ஹார்லி, ஷாக் அப்சார்பரை வண்டிக்கு அடியில் ஒளித்து, பார்வைக்கு ஹார்ட்டெயில் போலவே இருக்கும் சாஃப்ட்டெயிலை விற்கத் தொடங்கியது. புல்லட்டின் கதை நேர் எதிர். 1948-இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஸ்விங் ஆர்மோடு ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியதுதான் இன்றைய புல்லட்டின் தொடக்கம். எந்த உறுப்பால் பெயரெடுத்ததோ அந்த உறுப்பையே அறுத்தெடுக்கிறார்கள். அதனாலேயே இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதற்குப் புல்லட் தோதான வண்டி என்பதையும் சொல்லவேண்டும். ஆயில் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. தனி டேங்க் கிடையாது. கியர்பாக்ஸ் எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பெட்டிகளைக் கழற்றினால் நடுவில் எஞ்சின் மட்டும் தனியாக நிற்கும். பேட்டரியை எங்கே மறைப்பது என்பது ஒன்றுதான் தலைவலி. பாய் அதற்குக் கியர்பாக்ஸின் அடியில் ஒரு தகரக் கூடு வைத்திருந்தார்.

அறுப்பதற்கு முன்பு சேஸைக் கட்டிப் போடுகிறார்கள். கனமான இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு மேடை. முன் ஃபோர்க் மாட்டும் கழுத்தில் ஒரு தண்டைச் செருகி மேடையோடு இறுக்கினார்கள். பின்சக்கர அச்சு வரவேண்டிய இடத்தில் இன்னொரு தண்டு. எஞ்சினைக் கழற்றவில்லை, சேஸ் விரியாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். கழுத்திலிருந்து அச்சு வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, பாய் பல தடவை குனிந்து நிமிர்ந்தார். அரை நூல் விலகினால்கூடத் திரும்ப அவிழ்த்தார். இங்கே அரை நூல் பிசகினால் வண்டி வேகம் எடுக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். ஒட்டி முடித்தபிறகு அதைத் திருத்த வழி கிடையாது.

அச்சை எந்த உயரத்தில் வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்தால் கழுத்து பின்னால் சாயும், ஃபோர்க் படுக்கும், ஹேண்டில் கனக்கும். படத்துக்கு அது அழகு, வளைவில் திருப்பும்போது ஆபத்து. பாய் கழுத்தின் சாய்வை ஆலை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார். நீளத்தில் மட்டும் மூன்று அங்குலம் கூட்டினார். ஆலைக் கணக்கில் 1370 மில்லிமீட்டராக இருக்கும் இரு அச்சுகளின் இடைவெளி அப்போது 1450-ஐ நெருங்குகிறது.

கட்டிங் வீல் நாலு இடத்தில் இறங்கியது. சீட்டுக்குக் கீழே இரண்டு, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு. வால்பகுதி தரையில் விழுந்தபோது பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மேடையில் இருந்த நூல் மேல்தான் இருந்தது.

இனி வெல்டர். திருச்சி துவாக்குடிக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு ஆலைகளில் பாய்லர் குழாய் ஒட்டியே கை பழகியவர். அந்த ஆலைகளுக்கு ஆர்டர் குறைந்தபோது சென்னை வந்திருக்கிறார். இப்போது வாரத்தில் பாதி அம்பத்தூரில், பாதி இங்கே. மேடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, “ஸ்லீவ் எங்கே?”

பழைய குழாய்க்குள்ளும் புதுக் குழாய்க்குள்ளும் பாதி பாதியாகப் போய் உட்காரும் சிறு குழாய்த் துண்டுதான் ஸ்லீவ். வெளியிலிருந்து தெரியாது. நாலு ஸ்லீவையும் கடைசல் பிடித்து வைத்திருந்தார்கள். ஒன்று லேசாக ஆடியது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு கடைந்து வரச் சொன்னார்.

“இது இல்லாம வெறும் முட்டு ஒட்டுப் போட்டாலும் மேல பளபளன்னுதான் சார் இருக்கும். சாயம் அடிச்சா யாருக்குத் தெரியும்? ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுறப்பதான் தெரியும்” என்றார்.

“அப்போ என்ன ஆகும்ணே?”

“ஒட்டு உடையாது. ஒட்டுக்குப் பக்கத்துல, சூடு பட்டு மாறிப்போன இடம் இருக்கும் பாருங்க, அங்க விரியும். சிலது பல மாசம் கழிச்சு விரியும்.”

ஷாக் அப்சார்பர் இருந்தவரை பள்ளத்தின் அடியை அதுதான் வாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தபிறகு அடி டயருக்கும் சேஸுக்கும் ஓட்டுகிறவர் முதுகுக்கும் பங்காகப் போகிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், பருமனான டயர் போடலாம், சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் வைக்கலாம். சேஸுக்கு ஒட்டைத் தவிர வேறு காப்பு இல்லை.

ஆர்கான் வெல்டிங் பார்க்கப் போகிறவர்கள் வியர்க்கத் தயாராகப் போகவேண்டும். முதலில் ஃபேனை நிறுத்தினார். பிறகு ஷட்டரைப் பாதிக்கு இறக்கச் சொன்னார். உருகும் இரும்பைச் சுற்றி ஆர்கான் வாயு போர்வையாக நிற்கவேண்டும். காற்று அடித்தால் அது கலைந்து, ஒட்டுக்குள் ஊசிமுனை ஓட்டைகள் விழும். சென்னை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், முழுக்கைச் சட்டையும் தோல் கையுறையும் முகமூடியுமாக மனிதர் குனிந்து உட்கார்ந்தார். டங்ஸ்டன் ஊசியைச் சாணையில் நீளவாக்கில் தீட்டிக்கொண்டார். ஒட்டும் இடத்தில் பழைய பெயின்ட்டும் துருவும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்கப்பட்டிருந்தாலும், தின்னர் நனைத்த துணியால் தானும் ஒருமுறை துடைத்தார்.

முதலில் குழாயை இடத்தில் பிடித்து நிறுத்தும் புள்ளி ஒட்டு, டாக், மட்டும். மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று, இடம், வலம். பிறகு மறுபடி நூல், மறுபடி மூலைமட்டம். சரியென்று பாய் தலையசைத்த பிறகே முழு ஒட்டு. அதையும் ஒரே மூச்சில் சுற்றி வரவில்லை. இடது குழாயில் கால்வட்டம், அடுத்தது வலது குழாயில் கால்வட்டம். இரும்பு ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கம் சூட்டைக் கொட்டினால் சேஸையே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் எழுந்து டீ குடித்தார். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கலாமா என்று கேட்ட பையனிடம் மட்டும் குரல் உயர்ந்தது: “தண்ணி பட்டா இரும்பு மொறுமொறுப்பாயிடும்டா. தானா ஆறணும்.”

முடிந்ததைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கெண்டைமீன் செதில் போல ஒரே அளவில் அடுக்கடுக்காக, வைக்கோல் நிறமும் நீலமுமாக ஓடியது ஒட்டு. குறை என்று ஒன்றும் என் கண்ணுக்குப் படவில்லை.

அவர் பையிலிருந்து மூன்று ஸ்பிரே டப்பாக்களை எடுத்தார். சொந்தக் காசில் வாங்கியவை. ஒட்டு முழுக்கச் சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, அடுத்த டப்பாவின் திரவத்தால் துணியை நனைத்துச் சுத்தமாகத் துடைத்தார். மூன்றாவது டப்பாவிலிருந்து வெள்ளை. சுண்ணாம்பு பூசியது போலக் குழாய் வெளுத்தது. விரிசலோ ஓட்டையோ இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு வெள்ளை மேல் கசிந்து வரும். மூன்று மூட்டுகளும் வெள்ளையாகவே நின்றன. நாலாவதில், கியர்பாக்ஸுக்குப் பின்னால், கை நுழையச் சிரமமான மூலையில், கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

யாரும் பேசவில்லை. அவர் கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டி, ஆறவிட்டு, மறுபடி மூன்று டப்பாவையும் அடித்தார். இந்த முறை வெள்ளை. அந்தப் புள்ளியை அவர் விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கூலியும் குறைந்திருக்காது. அந்த மூலையில் சாயம் அடித்துப் பார்க்கவேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

பாய்லர் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே தேர்வெழுதித் தேறிய வெல்டர்தான் அழுத்தக் குழாயைத் தொடமுடியும். ஆளுக்கு ஓர் எண் உண்டு. ஒட்டி முடித்ததும் பக்கத்தில் அந்த எண்ணைப் பதிக்கவேண்டும். பிறகு எக்ஸ்ரே. எந்த மூட்டில் கசிந்தாலும் ஒட்டியது யார் என்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். “தப்பு பண்ணா மாட்டிக்குவோம்னு பயமும் இருக்கும். நல்லா பண்ணா அதுவும் எழுதி இருக்குமில்ல?”

“இங்க எண் போடலையாண்ணே?”

“இங்க யாரு சார் கேக்கறா?”

கேட்கத்தான் வேண்டும். முடிந்த வண்டியின் படம் வெளிவரும்போது சொந்தக்காரர் பெயர் இருக்கும், பட்டறையின் பெயர் இருக்கும், டேங்க்கில் கோடு வரைந்த ஓவியர் பெயர்கூட இருக்கும். எந்த நாலு மூட்டுகளை நம்பி ஒரு மனிதர் ஏறி உட்காருகிறாரோ, அவற்றை ஒட்டியவரின் பெயர் இருக்காது.

பெயின்ட்டுக்கு முன்பே, ஒரு தனியார் மனையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். எனக்கும் ஒரு சுற்று கிடைத்தது. எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப் லிவரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் உதைத்தால் அதே பழைய தடதடப்பு. சரளைக்கல் ஒவ்வொன்றும் இடுப்பெலும்பில் பேசியது. ஆனால் கைப்பிடியை லேசாக விட்டுப் பார்த்தபோது வண்டி இம்மி விலகாமல் நேராகப் போனது. நூல் பிடித்த பலன் அது. செயினும் சலசலக்கவில்லை; சக்கரம் மேலும் கீழும் ஆடாததால் அதன் தொய்வு மாறுவதே இல்லை.

இந்த வண்டி கண்காட்சிக்கும் தனியார் இடத்துக்கும்தான். பொதுச் சாலையில் இதற்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. சட்டத்தின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஸ்லீவ் இல்லாமல் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்த வண்டிகள் நம் தெருக்களில் ஓடுகின்றன; அவற்றால் சாவது ஓட்டுகிறவர் மட்டுமல்ல.

ஆனால் முழுத் தடையில் நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஜெர்மனியில் மாற்றிய வண்டியைச் சோதித்துச் சான்று தர தொழில்நுட்பச் சோதனை அமைப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் தனி மோட்டார் சைக்கிள்களுக்கென்றே ஒரு சோதனை முறை இருக்கிறது. நம் சட்டமும் மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றவும், வேறு எரிபொருளுக்கு எஞ்சினை மாற்றவும் விதிகளோடு வழி விட்டிருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கைவேலையாகச் செய்த சேஸை அங்கே கொண்டுபோய், ஒட்டைச் சோதித்து, ஒட்டியவர் எண்ணோடு சான்று வாங்க ஒரு வழியை அரசு திறக்கவேண்டும். கட்டணம் வைக்கட்டும், கடுமையாகவும் இருக்கட்டும். பாய்லருக்குச் செய்ததை இதற்குச் செய்யமுடியாதா?

அதுவரை, ஆசைப்பட்டு வண்டியோடு பட்டறைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டேங்க்கின் நிறத்தைப் பேசும் முன்பு இந்த மூன்றையும் கேளுங்கள்: உள்ளே ஸ்லீவ் போடுவீர்களா, சிவப்புச் சாயம் அடித்துக் காட்டுவீர்களா, ஒட்டப்போகிறவர் யார். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த இடத்தில் சேஸை அறுக்கக் கொடுக்காதீர்கள்.