பழம் போகும் வழியே

பெப்ரவரி 11, ஹக்கல

ஆறரைக்கே மூடுபனி விலகிவிட்டது. பூங்காவுக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்தில் காட்டுக் கறுவா ஒன்று பழுத்து நிற்கிறது. அதன் உச்சியில் இரண்டு காட்டுப்புறாக்கள். இந்த இனத்தை இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது. தலையும் மார்பும் ஊதா கலந்த சாம்பல்; முதுகும் வாலும் கருஞ்சாம்பல்; பிடரியில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரங்கப் பலகை.

பழம் இருப்பதோ கிளை நுனியில். ஒரு புறா அடிமேல் அடிவைத்து நகர, கிளை தாழ்ந்தது. சிறகை விரித்துச் சமாளித்துக்கொண்டு, கழுத்தை எக்கி, ஒரு கரும்பழத்தைத் திருகி எடுத்தது. கடித்துத் தின்னும் வழக்கம் புறாவுக்குக் கிடையாது, முழுசாக விழுங்கிவிடும். தொண்டை புடைத்து அடங்கியது. உடனே அடுத்த பழம். இவ்வளவு பெரிய பறவை இத்தனை கவனமாகச் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

பெப்ரவரி 23

இந்தப் புறாவின் அறிவியல் பெயர் கொலம்பா டொரிங்டோனியே. ஆளுநர் டொரிங்டனின் மனைவியை நினைத்து வைத்த பெயர். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை இராணுவச் சட்டம் போட்டு நசுக்கியவர் அந்த ஆளுநர். 1853 இல் இப்புறா ஏட்டில் ஏறக் காரணமானவர்களில் ஒருவர் கேலார்ட், இந்த மண்ணிலேயே பிறந்த மருத்துவர். அவர் பெயரையே வைத்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதற்கும் பிடரியில் இதே கட்டம். முதுகு மட்டும் செம்பழுப்பு.

மார்ச் 9

கறுவா மரம் வெறுமையாகிவிட்டது. புறாவும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் பெரியவரிடம் கேட்டேன்.

"பழம் முடிஞ்சிருச்சே சேர், அது இங்க இருந்து என்ன பண்ணும்? கீழ ஓடைப் பக்கம் பாருங்க. காட்டு நாவல் பழுத்திருக்கு."

"தோட்டத்துக்குள்ளயா ஐயா?"

"ஆமா சேர். எங்கப்பா காலத்துலயும் அங்கதான் வரும்."

போய்ப் பார்த்தோம். தேயிலை மலை இரண்டுக்கு நடுவில் ஒடுங்கிய மரவரிசை. அங்கேதான் இருந்தன.

மார்ச் 17

மலைநாட்டுக் காடு முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் அழிந்தது. கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873 இல் எச்சரித்த பிறகுதான் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டத் தடை வந்தது. இன்று நாம் காணும் உச்சிக்காட்டில் பெரும்பங்கு அதனால் மிஞ்சியது. அந்த முடிவுக்கு இந்தப் புறா கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் கோடு போட்ட இடத்தோடு நின்றுவிடும் பறவையா இது? ஹோர்ட்டன் சமவெளியில் பழுத்தால் அங்கே; இல்லையென்றால் மலையிறங்கி வரும், சிங்கராஜக் காடு வரைக்கும். அந்த ஹோர்ட்டன் சமவெளியிலும் பல பத்தாண்டுகளாக மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. உச்சியை மட்டும் காத்தால் போதும் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். நடுவழியில் உள்ள ஓடைக்கரையும் துண்டுக்காடும் இல்லையென்றால் இறங்கி வரும் புறாவுக்குச் சோறு ஏது?

ஏப்ரல் 2

காட்டோரத்தில் கூடு. நாலு சுள்ளியை அடுக்கியதுபோலத்தான் இருக்கிறது. இந்த இனம் ஒரு முறைக்கு ஒரே ஒரு வெள்ளை முட்டைதான் இடும். குஞ்சு பொரித்தால் தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். மற்ற நாளெல்லாம் சத்தமில்லாத பறவை, கூடு கட்டும் காலத்தில் மட்டும் ஆந்தையோ என்று ஐயுறும்படி ஆழமாக "ஹூ" என்கிறது.

ஏப்ரல் 6

ஓடைக்கரை மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடையாளம் போட்டிருக்கிறார்கள். விறகுக்கு வெட்டப்போகிறார்களாம். யூக்கலிப்டஸில் மட்டுமல்ல, நாவலிலும் கறுவாவிலும் பெயின்ட். வயிறு எரிகிறது. உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனம் என்று பட்டியலில் ஏறிய பறவையின் சாப்பாட்டு மரம் இது.

இரவே தோட்டத் துரைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். யூக்கலிப்டஸை எடுத்துக்கொள்ளுங்கள், நாவலையும் கறுவாவையும் தொடவேண்டாம், வெட்டிய இடைவெளியில் அதே மரக்கன்றுகளை நட எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பெரியவர் தானும் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். எந்தெந்த மரம், எந்த மாதம் பழுக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கடிதத்தோடு சேர்த்திருக்கிறேன். நாளைக் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்துக்கு முன்பே போய்க் கொடுக்கப்போகிறோம்.