நடந்து வரும் அடியாரைக் காண விலகிய நந்தி

இப்போதெல்லாம் ஒரே நாளில் எட்டு, ஒன்பது தலங்களைக் காரிலேயே சுற்றி வந்துவிடுகிறோம். வீடு திரும்பிய பின், எந்தச் சந்நிதியில் எதைக் கண்டோம் என்பதே மனத்தில் குழம்பிவிடுகிறது. இம்முறை அவ்வாறு வேண்டாம் என்றாள் என் மனைவி. ஆண்டுக்கு ஆண்டு முழங்கால் வலி கூடி வருகிறது. இயலும்போதே ஒரு தலத்துக்கேனும் நடந்து சென்று தொழ வேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல். ஆகவே தை மாதத்தில், கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் மூன்று நாட்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். பேரனும் உடன் வந்தான்.

தாராசுரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியோசை கேட்கும் தெருக்களின் வழியே நடந்தால் ஐராவதேசுவரர் ஆலயத்தை அடையலாம். இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய இவ்வாலயம் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. கருவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் நாயன்மார் வரலாறுகளைச் சிறு சிறு சிற்பங்களாக வடித்துள்ளனர். குனிந்து, நின்று, நிதானமாகப் பார்ப்பவர்க்கே அவை புலப்படும். முதல் நாள் முழுவதும் அங்கேயே கழிந்தது.

மறுநாள் விடியற்காலை, வீட்டுக்காரர் கொடுத்த சைக்கிள்களில் நானும் பேரனும் திருவலஞ்சுழிக்குப் புறப்பட்டோம். தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்துகள் மிகுதி. போக்குவரத்துப் பெருகுமுன் சென்றுவிடுவது நல்லது. கடல் நுரையால் ஆனவர் என்று போற்றப்படும் வெள்ளைப் பிள்ளையாரை வணங்கினோம். அவருக்கு அபிஷேகம் செய்யும் வழக்கமில்லை. பின்னர் காவிரியைக் கடந்து சுவாமிமலை. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் தாங்கிய படிகளில், நான் பிறந்த ஆண்டின் படி எது என்று பேரன் தேடிக் காட்டினான்.

மூன்றாம் நாள், வேண்டுதலை நிறைவேற்ற மூவரும் பட்டீசுவரம் நோக்கி நடந்தோம். ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவுதான். வழியெங்கும் வயல்கள், அறுவடையான நெல்லைச் சாலையோரத்தில் காயவைத்திருந்தார்கள். பாதி வழி கடக்குமுன்னே மனைவியின் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு மதகுச் சுவரில் அமர்ந்தவள் கண் கலங்கினாள். “இந்தச் சிறு தூரம்கூட அவன் எனக்குக் கொடுக்கவில்லையே” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பேரன் ஓடிச்சென்று ஓர் ஆட்டோவை அழைத்து வந்தான்.

பட்டீசுவரத்தை ஒட்டியே இருக்கிறது திருச்சத்திமுற்றம். அம்பிகை இறைவனைத் தழுவி நிற்கும் அத்தலத்தில் இறங்கித் தொழுதோம். அங்கிருந்து பட்டீசுவரம் மிக அருகில். “இதையாவது நடக்கிறேன்” என்று மனைவி பேரனின் தோளைப் பற்றிக்கொண்டாள். அடி மேல் அடி வைத்து, இருமுறை நின்று, தேனுபுரீசுவரர் ஆலயத்தை அடைந்தோம்.

அங்கே நந்தி சந்நிதிக்கு நேராக இல்லாமல் விலகியிருப்பதைக் கண்டு பேரன் காரணம் கேட்டான். மனைவியே சொன்னாள். திருஞானசம்பந்தர் திருச்சத்திமுற்றத்தைத் தொழுது, கடும் வெயிலில் இங்கே நடந்து வந்தார். குழந்தையின் வாட்டம் பொறாத ஈசன், பூதகணங்களின் வழியே முத்துப்பந்தலை அனுப்பினான். அப்பந்தலின் நிழலில் அவர் வரும் அழகைக் காண நந்தியை விலகச் சொன்னான். ஆனி மாத முத்துப்பந்தல் விழா இதன் நினைவாகவே நடைபெறுகிறது.

சொல்லி வந்தவள் சட்டென நிறுத்தினாள். “சம்பந்தர் நடந்ததும் நாம் இப்போது நடந்த இந்தச் சிறு வழிதானே!” என்றாள். வாசலுக்கு வந்த பிறகுதான் இறைவன் நம்மைப் பார்க்கிறான் என்பதில்லை; வரும் வழியிலேயே பார்க்கிறான். எத்தனை தூரம் நடந்தோம் என்று அவன் அளப்பதில்லை. இது எனக்கு அன்றுதான் விளங்கியது.

செல்ல விரும்பும் அன்பர்கள் காலை 6 மணிக்கே புறப்படுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். குடையும் தண்ணீரும் தேவை. முழு வழியும் இயலாதவர்கள் திருச்சத்திமுற்றம் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து மட்டும் நடக்கலாம். அந்தச் சில அடிகளே போதும்.